பாட்டில் கெட்டதா, நாக்கு பழகவில்லையா?

பின்னால் படிக்க வருபவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரர். அவருடைய மச்சான் பிரான்சில் வேலை பார்க்கிறார். ஊருக்கு வரும்போது, தனக்குத் தெரிந்த ஒரு சிறு திராட்சை விவசாயி சொந்தத் தோட்டத்துப் பழத்தில் செய்த நுரை ஒயின் இரண்டு பாட்டில் கொண்டுவந்திருக்கிறார். புதுச்சேரியில் மாமனார் வீட்டு மொட்டை மாடியில், கல்யாண நாள் கேக் வெட்டிய கையோடு ஒன்றைத் திறந்திருக்கிறார்கள். சோடா பாட்டில் மாதிரி தகர மூடி. திறந்ததும் நுரை பொங்கிக் கால் பாட்டில் தரைக்குப் போய்விட்டது. மீதி அடியில் வண்டலோடு கலங்கலாக இருந்தது, பல் கூசப் புளித்தது. பெரிய மாமா ஒரு வாய் குடித்துவிட்டு, "கள்ளு மாதிரி இருக்கு, கெட்டுப்போச்சு" என்று கீழே வைத்துவிட்டார். மச்சானோ, "இது ப்ரூட் நேச்சர், இப்படித்தான் இருக்கும், உங்களுக்குப் பழக்கமில்லை" என்று சொல்லிவிட்டார். இன்னொரு பாட்டில் பாக்கி இருக்கிறது. அதுவும் கெட்டதுதானா, இல்லையென்றால் எப்படிக் குடிப்பது என்பது கேள்வி. கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்ஃபைட் இதில் இல்லாததால் மறுநாள் தலைவலி வராது என்று மச்சான் சொன்னதை மனைவி நம்பலாமா என்று கடைசியில் ஒரு வரியும் உண்டு.

எழுத்தில் இருப்பது இவ்வளவுதான். அதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது. இவ்வளவு புளிப்பான ஒன்று கையில் கிடைத்தால், குறை அதிலா, என் நாக்கிலா என்று யாரையும் கேட்காமல் நானே எப்படித் தெரிந்துகொள்வது? அதற்குத்தான் பதில் எழுதப்போகிறேன்.

நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பிறந்தவன். பிரான்சில் லுவார் ஆற்றங்கரையில், தூர் நகரத்தில், பதினெட்டு வருஷம் உணவகங்களில் ஒயின் பரிமாறும் வேலை பார்த்தேன். படித்ததும் அதுதான். சில வருஷங்கள் லீவு போட்டுவிட்டு அறுவடைக்கும் போயிருக்கிறேன். இப்போது ஊரோடு வந்து, ஓட்டல் பிள்ளைகளுக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுக்கிறேன். என் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். லுவார் பக்கத்து ஒயின் எனக்கு வீட்டு வாசல் மாதிரி. ஷாம்பேன் பக்கம் விருந்தாளியாகப் போய்வந்த பழக்கம்தான். நான் வேதியியல் படித்தவனும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, உங்கள் பாட்டிலை நான் முகர்ந்து பார்க்கவில்லை. முகராமல் தீர்ப்பு சொல்கிறவனை நம்பாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான்.

முதலில் அந்த லேபிள். பிரெஞ்சில் அது ப்ரூத் நத்யூர். அந்த நத்யூர் என்ற சொல்லைப் பார்த்துவிட்டு இது "இயற்கை ஒயின்" என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ப்ரூத் நத்யூர் என்பது சர்க்கரைக் கணக்கு: லிட்டருக்கு 3 கிராமுக்கும் குறைவான சர்க்கரை, நொதித்து முடிந்த பிறகு மேற்கொண்டு துளிகூடச் சேர்க்கக் கூடாது என்பது ஐரோப்பியச் சட்டம். முழு பாட்டிலுக்கும் கணக்குப் போட்டால் அரை டீஸ்பூன் தேறும். அதற்கு அடுத்த படி எக்ஸ்த்ரா ப்ரூத், 6 கிராம் வரை. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ப்ரூத் 12 கிராமுக்குள். எக்ஸ்ட்ரா ட்ரை என்று போட்டிருப்பது ப்ரூத்தைவிட இனிப்பானது என்பது இந்தத் தொழிலின் பழைய கோணங்கித்தனம், அது 12 முதல் 17 வரை. பெரிய தொழிற்சாலை செய்தாலும், சர்க்கரை 3 கிராமுக்குக் கீழே இருந்தால் ப்ரூத் நத்யூர்தான்.

இயற்கை ஒயின் என்பது வேறு கணக்கு. செயற்கை மருந்து அடிக்காத தோட்டம், கையால் பறித்த பழம், பழத்தோலிலும் கிடங்கிலும் தானாக இருக்கும் ஈஸ்ட், கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்ஃபைட் மிகக் குறைவு அல்லது இல்லவே இல்லை. ரொம்ப காலம் இதற்குச் சட்டப்படி வரையறையே கிடையாது, அவரவர் சொல்வதுதான். 2020-ல் பிரான்சில் "வான் மெத்தோது நத்யூர்" என்று ஒரு முத்திரை வந்தது. சல்ஃபைட் சேர்க்காததற்கு ஒரு சின்னம், லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள் இருப்பதற்கு இன்னொரு சின்னம். உங்கள் மச்சான் கொண்டுவந்தது இரண்டு கணக்கிலும் வருகிற ஒயின் என்று நீங்கள் எழுதியதை வைத்து நினைக்கிறேன். சர்க்கரையும் இல்லை, காவலும் இல்லை. இந்த இரண்டு "இல்லை"யையும் பிரித்துப் பார்த்தால் உங்கள் குழப்பம் பாதி தீரும். முதல் இல்லையால் வருவது புளிப்பு. இரண்டாவது இல்லையால் வரக்கூடியது கெட்டுப்போவது.

புளிப்புக்கு வருவோம். நாம் தின்று பழகிய திராட்சை கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடுகூட வாங்கிவிட்டது. வாயில் போட்டால் இனிப்பும் பன்னீர் வாசமும். அந்த ஞாபகத்தோடு ஒயினைத் தொட்டால் ஏமாற்றம்தான் வரும். ஒயினுக்குப் பறிக்கும் திராட்சையிலும் சர்க்கரை எக்கச்சக்கம்: 12 சதவீத ஒயினாக வேண்டுமென்றால் ஒரு லிட்டர் சாற்றில் சுமார் 200 கிராம் இருக்க வேண்டும். ஈஸ்ட் அத்தனையையும் தின்றுவிடுகிறது. ஆனால் அது புளிப்பைத் தொடுவதில்லை. இனிப்பு போன பிறகு புளிப்பு மட்டும் தனியாக நிற்கிறது. ஒயினில் "ட்ரை" என்கிறார்களே, அதற்கு அர்த்தம் இவ்வளவுதான், இனிப்பு இல்லை. வறட்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நல்ல ட்ரை ஒயினை விழுங்கினால் வாயில் எச்சில் ஊறும்.

ஒரு ஒப்பீடு சொல்கிறேன், வகுப்பில் யாரும் முதலில் நம்பமாட்டார்கள். இந்த மாதிரி நுரை ஒயினின் பிஎச் அளவு 3-ஐ ஒட்டி இருக்கும். கோலா பானத்தின் அளவு சுமார் 2.5. அந்த அளவு குறையக் குறைய அமிலம் அதிகம். அப்படியென்றால் குழந்தைகள் குடிக்கும் கோலா உங்கள் ஒயினைவிட அமிலமானது. ஏன் பல் கூசவில்லை? 100 மில்லிக்குப் பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை கிடக்கிறது, அது மூடிவிடுகிறது.

திராட்சையின் முக்கியமான அமிலம் டார்டாரிக் அமிலம். நம் வீட்டுப் புளியில் இருப்பதும் அதேதான். பிரான்சில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அறுவடைக்குப் போன இடத்தில், அந்த விவசாயி தொட்டியிலிருந்து நேராகப் பிடித்து ஒரு கிளாஸ் கொடுத்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டே, "எங்கள் அம்மா ரசத்துக்குக் கரைத்து வைக்கும் தண்ணீர் இப்படித்தான் இருக்கும்" என்றேன். கிண்டல் செய்வார் என்று பார்த்தால், அந்த மனிதர் புளி என்றால் என்ன என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். அடுத்த வருஷம் ஒரு உருண்டை புளி கொண்டுபோய்க் கொடுத்தேன். கரைத்துக் குடித்துவிட்டு, "இது ஷெனாங்தான், வெயிலில் கிடந்த ஷெனாங்" என்றார். ஷெனாங் அந்தப் பக்கத்து வெள்ளைத் திராட்சை.

அன்றிலிருந்து இதை வைத்தே பாடம் நடத்துகிறேன். நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள், செலவில்லை. ரசத்துக்குக் கரைப்பதைவிட நீர்க்கப் புளித்தண்ணீர் கரைத்து வடிகட்டி மூன்று தம்ளரில் ஊற்றுங்கள். ஒன்றை அப்படியே வையுங்கள். இரண்டாவதில் அரை ஸ்பூன் சர்க்கரை. மூன்றாவதில் ஒரு சிட்டிகை உப்பு. முதலாவது வாயின் இரண்டு ஓரத்திலும் இழுக்கும். இரண்டாவது பானகம் மாதிரி உருண்டையாகிவிடும், புளிப்பு அங்கேயே இருக்கிறது, ஆனால் முன்னே வராது. மூன்றாவது ஆச்சரியம் தரும்: புளிப்பு குறைந்த மாதிரியும் இருக்கும், தெளிவாகவும் இருக்கும். இப்போது ஒரு வாய் கேக் தின்றுவிட்டு முதல் தம்ளரை மறுபடியும் குடியுங்கள். ஐந்து நிமிஷம் முன்னால் குடிக்க முடிந்த அதே தண்ணீர் இப்போது காடியாகத் தெரியும்.

உங்கள் மொட்டை மாடியில் நடந்தது அதுதான் என்று என்னால் கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்ல முடியும். கேக் வெட்டி ஷாம்பேன் உடைப்பது சினிமாவில் பார்த்துப் பழகிய காட்சி. அதற்கும் ஒரு நியாயம் ஒரு காலத்தில் இருந்தது. 2010-ல் பால்டிக் கடலில் ஓலாந்து தீவுகளுக்குப் பக்கத்தில் மூழ்கிக் கிடந்த கப்பலிலிருந்து சுமார் 170 வருஷப் பழைய ஷாம்பேன் பாட்டில்களை எடுத்தார்கள். சோதித்துப் பார்த்ததில் லிட்டருக்கு 140 கிராமுக்கு மேல் சர்க்கரை, கோலாவைவிட இனிப்பு. அந்த ஒயின் கேக்குக்குத் தாங்கும். உங்களுடையது 3 கிராமுக்குக் கீழே. சர்க்கரை சேர்க்காத ஷாம்பேனை 1889-லேயே லோரான் பெரியே நிறுவனம் விற்றுப் பார்த்தது. பிறகு அது மறக்கப்பட்டு, 1981-ல் அதே நிறுவனம் மறுபடியும் கொண்டுவந்தது. இடையில் பல பத்து வருஷங்கள் போனதிலிருந்தே தெரியும், இது எல்லார் நாக்குக்கும் உடனே பிடிக்கிற சரக்கு இல்லை.

அடுத்தது கலங்கலும் நுரையும். இங்கே பெரிய மாமா சொன்ன கள்ளுக்கு வருகிறேன். அவரைச் சிரித்து ஒதுக்கிவிடாதீர்கள், பாதிக்கு மேல் சரியாகச் சொல்லியிருக்கிறார். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். காற்றிலும் பாளையிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் தானாக வேலையைத் தொடங்கிவிடும், நுரை கட்டும், கலங்கும். ஒயின் செய்பவன் போடும் சல்ஃபைட் நம் சுண்ணாம்பு செய்கிற மாதிரியான காவல் வேலையைத்தான் செய்கிறது. தகர மூடி, கலங்கல், அடியில் வண்டல் என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது பழைய முறையில் செய்த ஒயின். பிரெஞ்சில் மெத்தோது ஆன்செஸ்த்ரால், பேச்சில் பெத்-நாத். திராட்சைச் சாறு பாதிக்கு மேல் நொதித்த பிறகு, கொஞ்சம் சர்க்கரை பாக்கி இருக்கும்போதே பாட்டிலில் அடைத்துவிடுவார்கள். மீதி நொதிப்பு மூடிக்குள் நடக்கும், வாயு வெளியே போக வழியில்லாமல் ஒயினுக்குள்ளேயே கரையும். ஷாம்பேன் முறை வேறு: முழுக்க நொதித்து முடிந்த ஒயினில் லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து பாட்டிலுக்குள் இரண்டாம் தடவை நொதிக்கவிட்டு, செத்த ஈஸ்ட்டைக் கழுத்துக்குக் கொண்டுவந்து, உறையவைத்து வெளியே எடுத்துவிட்டு, கடைசியில் கொஞ்சம் சர்க்கரை ஒயின் ஊற்றி மூடுவார்கள். அந்தக் கடைசி ஊற்றுதலைத்தான் ப்ரூத் நத்யூரில் விட்டுவிடுகிறார்கள்.

லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை நொதித்தால் பாட்டிலுக்குள் சுமார் ஒரு வளிமண்டல அழுத்தம் ஏறும். ஷாம்பேனின் 24 கிராம் ஆறு வளிமண்டலம், கார் டயரைப்போல இரண்டரை மடங்குக்கு மேல். அதனால்தான் தடித்த கண்ணாடி, கம்பி கட்டிய கார்க். பெத்-நாத்தில் பெரும்பாலும் அதில் பாதி இருக்கும், தகர மூடி போதும். ஆனால் அந்தக் கணக்கு அடைத்த அன்றைக்கு விவசாயி குத்துமதிப்பாகப் போட்டது. சர்க்கரை சற்றுக் கூடுதலாகத் தங்கிவிட்டால் அழுத்தமும் கூடும். ஒரே கிடங்கில் ஒரே நாளில் அடைத்த இரண்டு பாட்டில் இரண்டு விதமாகப் பொங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பாட்டில் பொங்கியதற்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். விமானத்தில் குலுங்கி, காரில் குலுங்கி, வண்டல் முழுக்கக் கலங்கி, புதுச்சேரி வெயிலில் சூடேறிய பாட்டில் அது. ஒவ்வொரு வண்டல் துகளும் ஒரு குமிழி பிறக்கும் இடம். சூடான திரவம் வாயுவைப் பிடித்து வைக்காது. இதில் நான் பட்ட அவமானம் ஒன்று உண்டு. ஊர் திரும்பிய முதல் வருஷம், தெரிந்தவர் வீட்டு விசேஷத்துக்காக ஆறு பாட்டிலை நானே வாங்கி மாடியில் ஓர் அறையில் வைத்திருந்தேன். மே மாசம். ஒரே ஒரு நாள்தானே என்று அலட்சியம். முதல் பாட்டில் கூரையை நனைத்தது. இரண்டாவது ஒரு அத்தையின் பட்டுப்புடவையை நனைத்தது. மீதி நாலையும் ஐஸ் பெட்டியில் மூன்று மணி நேரம் புதைத்து வைத்த பிறகுதான் திறக்க முடிந்தது. குடிக்க நன்றாகவே இருந்தன, ஆனால் அந்த வீட்டில் யாரும் இன்றுவரை என்னை ஒயின்காரன் என்று சொல்வதில்லை.

ஆக, புளிப்பு, கலங்கல், நுரை, வண்டல் இந்த நாலும் குறை இல்லை. வண்டல் செத்த ஈஸ்ட், உடம்புக்கு ஒன்றும் செய்யாது. அப்படியென்றால் கெட்டுப்போன ஒயின் எப்படி இருக்கும்? இதை நாக்கைவிட மூக்குதான் நன்றாகச் சொல்லும். நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை தூக்கலாக அடித்து, தொண்டையில் காடி எரிச்சல் இருந்தால் அசிட்டிக் பாக்டீரியா புகுந்துவிட்டது, கீழே கொட்டலாம். நறுக்கி வைத்துக் கறுத்த ஆப்பிள் வாடை காற்றுப் பட்டதால் வருவது. லேசாக இருந்தால் சில தோட்டங்களின் பாணி, அதுமட்டுமே தெரிந்தால் குறை. அழுகிய முட்டை, அணைத்த தீக்குச்சி வாடை என்றால் அவசரப்படாதீர்கள். அது பெரும்பாலும் காற்றே படாமல் அடைந்து கிடந்ததால் வருவது, கிளாஸில் சுழற்றிப் பத்து நிமிஷம் வைத்தால் பல தடவை போய்விடும். தொழுவ வாடை வேறொரு ஈஸ்ட் செய்யும் வேலை. அது எந்த அளவுக்கு இருக்கலாம் என்று ஒயின்காரர்களே இன்னும் சண்டை போடுகிறார்கள். நிறமில்லாத கண்ணாடி பாட்டிலைக் கடை விளக்கிலோ ஜன்னலிலோ வைத்திருந்தால் வெந்த முட்டைக்கோஸ் வாடை வரும். அதற்குக் காரணம் வெளிச்சம்தான், விவசாயியின் மேல் தப்பில்லை.

இயற்கை ஒயினுக்கென்றே ஒரு நோய் உண்டு, அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் "எலி ருசி" என்பார்கள். முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. வாயில் வைக்கும்போதும் தெரியாது. விழுங்கிப் பத்து இருபது நொடி கழித்து, நாக்கின் பின்பக்கத்திலிருந்து ஊசிப்போன பொரி மாதிரியும் எலிக்கூண்டு மாதிரியும் ஒரு ருசி எழும்பி, போகவே போகாது. ஒயினின் புளிப்பில் அந்தச் சேர்மங்கள் ஆவியாகாமல் அடங்கிக் கிடக்கும். எச்சில் பட்டுப் புளிப்பு குறைந்ததும் வெளியே வரும். அவற்றில் ஒன்று பாசுமதி சோற்றுக்கு மணம் தரும் அதே சேர்மம். சோற்றில் மணம், ஒயினில் நாற்றம். புறங்கையில் ஒரு சொட்டு தேய்த்து முகர்ந்து பார்ப்பது இதைப் பிடிக்கத் தொழிலில் இருக்கும் வழக்கம். இது எல்லாருக்கும் தெரியாது. எச்சில் ஆளுக்கு ஆள் மாறும். எனக்கே மந்தமாகத்தான் தெரியும், தூரில் வேலை பார்த்தபோது சந்தேகம் வந்தால் சமையலறையிலிருந்து ஒரு பெண்ணைக் கூப்பிட்டுக் குடிக்கச் சொல்வேன். அவர் முகம் சுருங்கினால் பாட்டில் திரும்பிப் போகும். ஆகவே உங்கள் வீட்டில் ஒருவர் மட்டும் "என்னமோ பின்னாடி அடிக்குது" என்றால், மற்ற நாலு பேருக்குத் தெரியவில்லை என்பதால் அவர் சொல்வது பொய்யாகிவிடாது. மாமாவிடம் கேட்டுப் பாருங்கள்: குடித்த உடனே பிடிக்கவில்லையா, விழுங்கிய பிறகு பிடிக்கவில்லையா? உடனே என்றால் அது புளிப்பு. பிறகு என்றால் யோசிக்க வேண்டும்.

இதுவரை சொன்னவை எனக்கு நிச்சயமானவை. நிச்சயமில்லாதவையும் இந்தப் பேச்சில் நிறைய உலவுகின்றன, மச்சானும் சொல்லியிருப்பார். சுண்ணாம்புப் பாறை நிலத்து ஒயினில் சுண்ணாம்பு ருசிக்கிறது என்பது ஒன்று. சில ஒயினில் நனைந்த கல் மாதிரி, உப்புக்காற்று மாதிரி ஏதோ இருப்பது உண்மை, நானே அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறேன். ஆனால் வேர் கல்லை உறிஞ்சிக் கிளாஸுக்குக் கொண்டுவருகிறது என்பதை விஞ்ஞானம் ஒப்புக்கொள்ளவில்லை. மண் தண்ணீரைப் பிடித்து வைக்கும் விதம், பழம் முற்றும் வேகம், புளிப்பு தங்கும் அளவு, இவை வழியாக மண் பேசுகிறது என்று சொன்னால் சண்டையில்லை. இன்னொன்று, சர்க்கரை சேர்க்காததுதான் நேர்மையான ஒயின் என்பது. இதில் எனக்கு உடன்பாடு கிடையாது. பழம் நன்றாக முற்றிய வருஷத்தில் சர்க்கரை தேவையில்லை. மழையில் நனைந்த வருஷத்தில் நாலு கிராம் சேர்ப்பது, குழம்பில் கிள்ளு வெல்லம் போடுகிற மாதிரி. நாகரிகத்துக்காகச் சர்க்கரையை விட்டுவிட்டு எலுமிச்சைச் சாறாக விற்கிறவர்களும் இருக்கிறார்கள். சிறு விவசாயி என்பதால் மட்டும் ஒயின் நன்றாக இருந்துவிடாது. பெரிய நிறுவனம் பல ஊர், பல வருஷ ஒயினைக் கலந்து ஒரே ருசியைக் கொண்டுவரும். சிறு விவசாயிக்கு அந்த வசதி இல்லை, அவருடைய வருஷம் எப்படியோ அப்படித்தான் பாட்டில்.

சரி, இரண்டாவது பாட்டிலுக்கு வருவோம். முதலில் அது புதுச்சேரியிலேயே இருக்கட்டும். இங்கேயும் தமிழ்நாட்டிலும் மதுச் சட்டம் வேறு வேறு, மஞ்சக்குப்பத்துக்குக் கொண்டுபோய்ச் சோதனைச் சாவடியில் விளக்கம் சொல்ல வேண்டாம். ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் நிற்க வையுங்கள், படுக்க வைக்க வேண்டாம். கதவுப் பக்கம் வைத்தால் திறக்கும்போதெல்லாம் குலுங்கும், உள்ளே வையுங்கள். ஃப்ரீசரில் மறந்துவிட்டால் பாட்டில் வெடிக்கும். இரண்டு நாளில் வண்டல் அடியில் உட்கார்ந்துவிடும். எடுக்கும்போது பிரசாதப் பாத்திரம் எடுக்கிற மாதிரி ஆடாமல் எடுங்கள். சமையலறைத் தொட்டியில் வைத்து மூடியின் ஒரு ஓரத்தை மட்டும் லேசாக நெம்புங்கள். உஸ் என்று சத்தம் வரும், நுரை ஏறினால் மூடியை அழுத்திப் பிடியுங்கள், அடங்கியதும் மறுபடி நெம்புங்கள். இரண்டு மூன்று நிமிஷம் ஆனாலும் ஆகட்டும்.

கிளாஸ் கொஞ்சம் அகலமாக, வாய் குறுகியதாக இருந்தால் நல்லது, ஒயின் கிளாஸ் போதும். ஒல்லியான நீளக் கிளாஸில் குமிழி அழகாக ஏறும், மூக்குக்கு ஒன்றும் கிடைக்காது. காகிதக் கப் வேண்டவே வேண்டாம். சோப்பு மிச்சம் இருந்தால் நுரை செத்துவிடும், வெந்நீரில் அலசித் துணியால் துடையுங்கள். துணியிலிருந்து ஒட்டும் கண்ணுக்குத் தெரியாத நூலிழைகளில்தான் குமிழிகள் பிறக்கின்றன. எல்லாக் கிளாஸையும் வரிசையாக வைத்து, பாட்டிலைச் சாய்த்தால் சாய்த்தபடியே ஊற்றிக்கொண்டு போங்கள். நடுவில் நிமிர்த்தினால் வண்டல் எழும்பிவிடும். கடைசி இரண்டு அங்குலத்தைத் தனியாக ஒரு கிளாஸில் ஊற்றுங்கள், அதற்கு ரொட்டி மாவு வாசம் இருக்கும். எனக்குச் சில சமயம் அதுதான் பிடிக்கும்.

முதல் வாயை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். அது வாயைக் கழுவத்தான். இரண்டாவது வாயில் குமிழியைக் கவனியுங்கள், ஊசியாகக் குத்துகிறதா, தயிர் கடைந்த நுரை மாதிரி மெதுவாக விரிகிறதா என்று. மூன்றாவதில் விழுங்கிவிட்டுச் சும்மா இருங்கள். எச்சில் ஊறுகிறதா? ஊறினால் புளிப்பு உயிரோடு இருக்கிறது. ஊறாமல் நாவல்பழம் தின்ற மாதிரி வாய் இழுத்துக்கொண்டால் அது துவர்ப்பு, பழத்தை அழுத்திப் பிழிந்திருக்கிறார்கள். புளிப்பு அடங்கிய பிறகு வேறு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்பதுதான் தரத்தின் கேள்வி. நாரத்தை இலை, பச்சை ஆப்பிள், தேன்மெழுகு என்று ஏதோ ஒன்று நிற்க வேண்டும். ஒன்றுமே நிற்காமல் வெறும் புளிப்போடு முடிந்தால், ஒயின் கெட்டுப்போகவில்லை, ஆனால் சாதாரண ஒயின். கிளாஸைக் கால் மணி நேரம் மேசையில் விட்டுவிட்டு மறுபடியும் குடியுங்கள். ஃப்ரிட்ஜில் 6 டிகிரியில் இருந்தது நம் ஊர் காற்றில் சீக்கிரமே 11, 12-க்கு வந்துவிடும், வாசம் அப்போதுதான் திறக்கும்.

கூட என்ன வைப்பது என்பதில் சந்தேகமே வேண்டாம்: உப்பும் எண்ணெயும். பண்ருட்டி முந்திரியை நெய்யில் வறுத்து உப்பு மட்டும் தூவுங்கள், மிளகாய்த்தூள் கூடாது. சூடான உளுந்து வடை, சட்னி இல்லாமல். மிளகாய் குறைத்துப் பொரித்த நெத்திலி இருந்தால் அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம், மூன்றாவது தம்ளர் புளித்தண்ணீரில் உப்பு செய்த வேலையை அது செய்யும். காரம் ஏறினால் குமிழியும் ஆல்கஹாலும் சேர்ந்து எரிச்சலைக் கிளப்பிவிடும். மிச்சமிருந்தால் இறுக்கி மூடி ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாளும் குடித்துப் பாருங்கள். கழுத்தில் வெள்ளிக் கரண்டி தொங்கவிட்டால் வாயு போகாது என்பார்கள், அது கட்டுக்கதை.

கடைசியாக, சல்ஃபைட் இல்லாததால் மறுநாள் தலைவலி வராது என்று மச்சான் சொன்னதை உங்கள் மனைவி நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். சல்ஃபைட் ஆஸ்துமா உள்ள சிலருக்கு மூச்சுத் தொந்தரவு தரும், அது உண்மை, அதனால்தான் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் லேபிளில் போடச் சொல்கிறார்கள். தலைவலிக்கு அதுதான் காரணம் என்பது நிரூபணமாகவில்லை. கடையில் விற்கும் ஆரஞ்சு நிற உலர்ந்த ஆப்ரிகாட்டில் ஒயினைவிட அதிகமாகவே இருக்கும், அதைத் தின்று யாரும் தலையைப் பிடித்துக்கொள்வதில்லை. உங்கள் பாட்டிலில் ஆல்கஹால் 11, 12 சதவீதம் இருக்கும், தலைவலிக்கு அதுவே போதும். கிளாஸுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கணக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அன்றைக்கு ராத்திரி கடலூருக்கு வண்டி எடுக்காமல் மாமனார் வீட்டிலேயே தங்கிவிடுங்கள்.